இங்கா அம்மையாருக்கு ஓர் இரங்கல் கூட்டம்

உயிரோடு இருக்கிற ஒரு பெண்மணிக்கு இரங்கல் கூட்டம் போட்டு, எழுந்து நின்று தீர்மானம் நிறைவேற்றி, கோயிலில் மோட்ச தீபமும் ஏற்றிவிட்டு, அந்தத் தீர்மானத்தின் நகலை அவர் வீட்டுக்கே தபாலில் அனுப்பிவைத்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

முப்பதுகளின் ஆரம்பம். எனக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். ரயில்வே ஸ்டோரில் கிராணி உத்தியோகம். (குமாஸ்தாவை அப்போது இங்கே கிராணி என்போம். காலர் வைத்த சட்டை, கையில் குடை, மனதில் தான் ஒரு பாதி வெள்ளைக்காரன் என்ற எண்ணம்.) என் சகாக்களில் சிலர் நாடகம் போட்டார்கள், சிலர் பந்து விளையாடினார்கள், மிச்சப்பேர் கள்ளுக்கடைக்குப் போனார்கள். எனக்குப் பட அஞ்சலட்டைப் பைத்தியம் பிடித்திருந்தது. எங்கள் வாசகசாலைக்கு வரும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், முன்பின் தெரியாதவர்களோடு அஞ்சலட்டை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களின் பெயரும் விலாசமும் போடுவார்கள். நான் எங்கள் பட்டணத்துப் படம் ஒன்று அனுப்பினால், அவர் தன் ஊர்ப் படம் ஒன்று அனுப்புவார். ஜப்பான், எகிப்து, பிரேசில் என்று எங்கெங்கோ இருந்து வரும். அவர்களெல்லாம் என்னைப் பெரிய மனிதன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டோரில் ஆணியும் போல்ட்டும் எண்ணுகிறவன் என்பது அட்டையில் எழுத இடம் போதாத விஷயம்.

அவர்களில் எனக்கு நெருக்கமானவர் ஹென்ரிக். டென்மார்க்கில் ஒரு சின்னத் துறைமுகத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தார். மனைவி பெயர் இங்கா. ஹென்ரிக்குக்கும் எனக்கும் ஆங்கிலம் ஒரே அளவுதான் தெரியும். இருவருமே அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் கௌரவமாக நடந்துகொண்டோம்.

என் மனைவி கமலத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்தப் படத்தை யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிற அதிகாரம் அவளுடையது. டென்மார்க்கிலிருந்து முதல் பனிக்காலப் படம் வந்த அன்று அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க இது, ஊரெல்லாம் உப்பு கொட்டிக் கெடக்கு?"

"உப்பு இல்ல. பனி. வானத்துல இருந்து விழுறது."

"இவ்வளவையும் யாரு கூட்டி அள்ளுறது?"

அந்தக் கேள்வியை நான் அப்படியே ஹென்ரிக்குக்கு எழுதினேன். 'இங்காதான் அள்ளுகிறாள்' என்று பதில் வந்தது. அதிலிருந்து இரண்டு பெண்களும் சிநேகிதம். கமலம் சொல்வாள், நான் எழுதுவேன். "அவங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேளுங்க" என்பாள். இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து, ஒரு மீன் பெயர் வந்து சேரும். நம் மத்தி மாதிரி ஒரு மீன் என்று சொன்னேன். "அப்ப நல்ல சனங்கதான்" என்று கமலம் சான்றிதழ் கொடுத்தாள்.

கமலத்தின் பெற்றோர் கிள்ளானில் இருந்தார்கள். அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தது. "ஒரு வாரம் பாத்துட்டு வந்துடுறேன்" என்று கிளம்பினாள். நான்தான் ரயில் ஏற்றிவிட்டேன். அம்மா பிழைத்துக்கொண்டார். காய்ச்சல் மகளைப் பிடித்துக்கொண்டது. தந்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

நான் அழவில்லை. அழக் கூடாது என்று இருந்ததல்ல, வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், ஐயருக்கு ஆள் அனுப்பினேன், யார் யார் எந்த ரயிலில் திரும்ப வேண்டும் என்று (ரயில்வேக்காரன் அல்லவா) நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். "என்னா தைரியம், என்னா நிதானம்!" என்று எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பி ஆணி எண்ணினேன்.

விதவையான என் அக்கா சௌந்தரம் செந்தூலிலிருந்து வந்து என் வீட்டைப் பார்த்துக்கொண்டார். சாப்பாடு போடும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பார்.

"அழுதுடுடா தம்பி. உள்ளேயே வச்சிருந்தா நெஞ்சை அடைச்சிடும்."

"ரசம் ஊத்துக்கா" என்பேன்.

டென்மார்க்கிலிருந்து அட்டைகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒவ்வொன்றின் கடைசியிலும் 'கமலம் நலமா? இங்காவின் அன்பு' என்று இருக்கும். நான் 'எல்லாரும் நலம்' என்று பதில் எழுதினேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. கிள்ளானில் அவள் இல்லை, பிரிக்பீல்ட்ஸில் இல்லை. உலகத்தில் ஒரே ஓர் ஊரில், ஒரு ரொட்டிக்கடையில் மட்டும் கமலம் இன்னும் உயிரோடு இருந்தாள். குழம்பு என்னவென்று கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கேயும் போய் அவளைச் சாகடிக்க எனக்குக் கை வரவில்லை.

இப்படி மாதங்கள் போன பிறகு ஒருநாள் தபால்காரர் அந்தோணி என் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். (அஞ்சலட்டையில் இரகசியம் ஏது? எனக்கு வருவதை முதலில் அந்தோணி படிப்பார், பிறகு நான் படிப்பேன்.)

"ஐயா, மனசைத் தேத்திக்குங்க. டென்மார்க்குல துக்கம்."

வாங்கிப் பார்த்தேன். காற்றாலைப் படம். பின்னால் ஹென்ரிக்கின் ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'என் இங்கா போய்விட்டாள். வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது. வெறும் ரொட்டி தின்கிறேன். இது நெடுநாள் இராது என்று நம்புகிறேன்.'

நம்மில் ஒருவர் 'என் பெண்டாட்டி போய்விட்டாள்' என்று சொன்னால் என்ன அர்த்தம்? நானும் அதே அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். கடைசி வரியை மறுபடி படித்தேன். நெடுநாள் இராது என்றால்? மனிதர் பின்னாலேயே போக முடிவு செய்துவிட்டார்!

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தோணிதான் உள்ளே போய் அக்காவிடம் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார்.

மறுநாள் அலுவலகத்தில் எங்கள் பெரிய கிராணியிடம் அரைநாள் லீவு கேட்டேன். அவர் யூரேசியர், நிஜமாகவே பாதி வெள்ளைக்காரர், கண்டிப்பானவர்.

"யார் இறந்தது?"

"டென்மார்க்கில் ஓர் அம்மாள், சார்."

"உறவா?"

"இல்லை, சார்."

"பழக்கமா?"

"பார்த்ததில்லை, சார். அஞ்சலட்டை போடுவார்கள்."

என் மனைவி இறந்தபோது நான் எப்படி வந்து ஆணி எண்ணினேன் என்பது அவருக்குத் தெரியும். வேறு ஒன்றும் கேட்காமல் லீவு கொடுத்துவிட்டார்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாசகசாலைக்குப் போய்த் தலைவர் வேதமுத்துவிடம் அழாத குறையாகச் சொன்னேன். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அவர். ஒரு கூட்டம் போடக் காரணம் கிடைக்காமல் வெகுநாளாகத் தவித்துக்கொண்டிருந்தவர். "தம்பி, கடல் கடந்த சோகம் நம்ம சோகம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாலை இரங்கல் கூட்டம் என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். செயலாளர் முத்தையா ஓர் இரங்கற்பா எழுதினார். 'டென்மார்க்கு ஈன்ற தேனே, ரொட்டிக்கு உப்பிட்ட கையே' என்று அது ஆரம்பிக்கும். மிச்சத்தைச் சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன்.

கூட்டம் நல்ல கூட்டம். கிள்ளானை அடுத்த பண்டமாரானிலிருந்து யாரையோ பார்க்க வந்திருந்த ஒரு தோட்டத்துப் பெரியவர்கூட உட்கார்ந்திருந்தார். என் காதருகே குனிந்து கேட்டார்:

"செத்துப்போன அம்மா எந்தத் தோட்டம், தம்பி?"

"டென்மார்க்குங்க."

"அது கேரித் தீவுக்கு அந்தப் பக்கமா?"

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்."

"ஐயோ பாவம்" என்று பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேதமுத்து பேசினார், முத்தையா பாடினார், பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இங்கா அம்மையாரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். பனி அள்ளுவார், மீன் சமைப்பார். அதைச் சொல்லி முடித்துவிட்டேன். கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் 'மேலே, மேலே' என்று தலையை ஆட்டினார்.

"அவங்க ரொம்ப நல்லவங்க" என்றேன். "ரசத்துக்குப் புளி கொஞ்சம் கூடப் போடுவாங்க. சொன்னாக் கோவம் வரும். அடுத்த நாள் இன்னும் கூடப் போடுவாங்க."

யாரோ இலேசாகச் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை, நிறுத்த முடியவில்லை.

"பல்லின்னா பயம். சுவத்துல பல்லி இருந்தா, அது போற வரைக்கும் ரூமுக்குள்ள வர மாட்டாங்க. வெளியிலயே நின்னு, 'போயிடுச்சா, போயிடுச்சா'ன்னு கேப்பாங்க. தலை வாரும்போது ஒரு பாட்டு முணுமுணுப்பாங்க. என்ன பாட்டுன்னு நான் ஒரு நாளும் கேட்டுக்கல. கேட்டிருக்கலாம். ரயில்ல ஏறி உக்காந்ததும், எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சுன்னு, 'நீங்க போங்க, நீங்க போங்க'ன்னு கையை ஆட்டினாங்க. நானும் வந்துட்டேன். ரயில் கெளம்புற வரைக்கும்கூட நிக்கல..."

அத்தனை மாதமாக வராதது அங்கே, முப்பது நாற்பது ஆண்களுக்கு நடுவே, ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதேன். சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேதமுத்து மேடையிலிருந்து இறங்கி வந்து, என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு எல்லாரும் எழுந்து நின்று தீர்மானத்தை நிறைவேற்றினார்கள்.

முத்தையா கடமையில் ஒரு குறையும் வைக்க மாட்டார். தீர்மானத்தோடு என் பேச்சின் சாரத்தையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டார். 'மறைந்த அம்மையார் பல்லிகளுக்கு அஞ்சுபவர். அவர் சமைத்த மிளகுநீர் புளிப்பானது.' இந்த மாதிரி.

அக்கா கோயிலில் மோட்ச தீபம் ஏற்றினார். குருக்கள் பெயர் கேட்டாராம், சொன்னார். நட்சத்திரம் கேட்டாராம், டென்மார்க்கில் நட்சத்திரம் பார்க்க மாட்டார்கள், எல்லாம் பனி என்றாராம்.

அதன் பிறகு சில வாரம் பிரிக்பீல்ட்ஸில் எனக்கு நடந்த உபசாரம் கொஞ்சமல்ல. கமலம் இறந்தபோது என் தைரியத்தைப் பாராட்டிவிட்டுப் போனவர்கள், இப்போது வடையும் பாயசமுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூடவே ஊர் வாய் வேறு விதமாகவும் பேசியது. கட்டின பெண்டாட்டிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், முகம் தெரியாத வெள்ளைக்காரிக்கு இப்படி அழுகிறான் என்றால் நடுவில் என்னமோ இருக்கிறது என்றார்கள். நடுவில் இரண்டு சமுத்திரம் இருந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

டென்மார்க்குக்குத் தபால் போக ஒரு மாதத்துக்கு மேல், வர ஒரு மாதத்துக்கு மேல். அந்தக் காலம் கழிந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம், தெருமுனையிலேயே அந்தோணியின் குரல் கேட்டது.

"ஐயா! செத்துப்போன அம்மா வந்திருக்காங்க! படத்துல சிரிக்கிறாங்க லா!"

வரிசையில் ஒரு கதவு பாக்கியில்லாமல் திறந்தது. அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். அந்தோணி அட்டையை என் கையில் கொடுத்தார். அது அவர்களே எடுத்து அஞ்சலட்டையாக அச்சிட்ட புகைப்படம். ஒரு ரொட்டிக்கடை வாசல். ஒல்லியாக ஒரு மனிதர், வெள்ளை ஏப்ரன் கட்டி, திருடன் மாதிரி நிற்கிறார். பக்கத்தில் நல்ல பருமனாக ஓர் அம்மாள், கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். பின்னால் ஹென்ரிக் எழுதியிருந்தார்:

'இவள்தான் இங்கா. சாகவில்லை. அவள் அம்மாவுக்குக் கால் முறிந்ததால் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்துவிட்டாள். என் ஆங்கிலத்துக்காக என்மேல் கோபமாக இருக்கிறாள்.'

"என்னடா சொல்றாங்க?" என்றார் அக்கா.

"அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்களாம்."

"உசுரோட இருக்கறவளுக்கு மோட்ச தீபம் ஏத்த வச்சுட்டியேடா பாவி!" கரண்டியை என் கையில் திணித்துவிட்டு, இங்காவின் பெயரில் ஆயுளுக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்கு ஓடினார். வரிசை முழுவதும் சிரித்தது. அந்தோணி உட்கார்ந்து சிரித்தார்.

நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்தது கோபம். அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், திரும்பி வந்துவிட்டாள். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார் அந்த மனிதர்! அம்மா வீட்டுக்குப் போகிற பெண்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்ற சட்டம் டென்மார்க்கில் மட்டும்தான் செல்லுமா?

மானம் போனதைப் பற்றிச் சொல்லி முடியாது. வேதமுத்து தீர்மானத்தைத் திரும்பப் பெற இன்னொரு கூட்டம் போட்டார். 'இங்கா அம்மையார் உயிருடன் இருப்பது குறித்து இம்மன்றம் மனமார்ந்த மகிழ்ச்சியைத் தெரிவித்துக்கொள்கிறது.' முத்தையா இரங்கற்பாவில் சில சொற்களை மட்டும் மாற்றி வாழ்த்துப்பாவாகப் பாடினாராம். நான் போகவில்லை. ஆபீசுக்குத் தண்டவாளத்து ஓரமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். அப்படியும் விடவில்லை. பாசாரில் (சந்தைக்கு இங்கே அதுதான் பெயர்) மீன்காரன்கூட, "டென்மார்க் அண்ணே, எல்லாரும் சொகமா?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் இன்னோர் அட்டை வந்தது. இதைக் கொடுக்கும்போது அந்தோணி கத்தவில்லை. படித்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இங்காவே எழுதியிருந்தார். ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டு எழுதியதாம், பொடி எழுத்து.

'உங்கள் தீர்மானத்தை ஆசிரியர் எனக்குப் படித்துச் சொன்னார். முதலில் எல்லாரும் சிரித்தோம். பிறகு பல்லி என்றால் என்னவென்று கேட்டேன். சொன்னார். எங்கள் வீடுகளில் சுவரில் பல்லி கிடையாது. நான் எதற்கும் பயப்படுகிறவளும் இல்லை. அப்படியானால் நீங்கள் சொன்னது என்னைப் பற்றி அல்ல. அன்புள்ள ஐயா, கமலம் எங்கே?'

அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "என்னவாம்?" நான் தமிழில் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பேனாவையும் மையையும் எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. கைக்கு வந்ததை எடுத்தேன், பத்து மலை முருகன் கோயில் படம். எழுத உட்கார்ந்தேன். 'கமலம் போய்விட்டாள்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. இதைப் படித்தால் அந்த அம்மாள் என்ன நினைப்பார்? அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று நினைப்பார். உண்மையில் அம்மா வீட்டுக்குத்தான் போனாள். அதை அடித்துவிட்டு வேறு சொற்களைத் தேடினேன். மறைந்தாள், உறங்கிவிட்டாள், இறைவனடி சேர்ந்தாள். எதுவும் ஹென்ரிக்குக்குப் புரியாது. எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலத்திலும் அதற்கு இருந்தது ஒரே ஒரு சொல்தான். மிகச் சின்னச் சொல். கடைசியில் அதையே எழுதினேன்.

"எழுதிட்டியா?" என்றார் அக்கா.

"எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"செத்துட்டான்னு."

அந்த வீட்டில் கமலத்தைப் பற்றி அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. அக்கா எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவர் அழுதார், நானும் அழுதேன். இந்தத் தடவை யாருக்காக அழுகிறோம் என்பதில் குழப்பம் இல்லை. அடுப்பில் இருந்த சோறு அடிபிடித்துவிட்டது. அதைத்தான் அன்று சாப்பிட்டோம்.

சில ஆண்டுகள் கழித்து அக்கா பிடிவாதமாக எனக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைத்தார். பெண்ணுக்கு ஊர் காஜாங், பெயர் ராஜம்மா. பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரத் தட்டை வைத்துவிட்டு, "டென்மார்க் மாப்பிள்ளை இவருதானா?" என்று அவள் தன் தங்கையிடம் கேட்டது என் காதில் விழுந்தது. கதை எனக்கு முன்னாலேயே காஜாங் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்று வரைக்கும் ராஜம்மா காஜாங்கில் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று உரக்கச் சொல்வாள்: "அம்மா வீட்டுக்குப் போறேன். கூட்டம் போட்டுடாதீங்க!" பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். கடைக்குப் போனாலும், "அப்பா, கூட்டம் போட்டுடாதீங்க." யாராவது வர நேரமானால், "தீர்மானம் எழுதியாச்சா?" அக்கா இருந்த வரையில் அவரும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் ராஜம்மா எவ்வளவு அவசரம் இருந்தாலும் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே திரும்பி வந்துவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

போன தீபாவளிக்குப் புது மருமகள் வந்திருந்தாள். சாப்பாட்டு இலையில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகக் கதையைச் சொல்லி முடித்தார்கள். இரங்கற்பாவை என் பெரியவன் ராகத்தோடு பாடிக் காட்டினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மருமகளும் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"எல்லாம் சரி. பாக்காதவங்களுக்காகக் கூட்டத்துல மாமா ஏன் அவ்வளவு அழுதாங்க?"

என் பிள்ளைகளுக்கு அது தெரியாது, நான் சொன்னதில்லை. ராஜம்மா பாயசப் பாத்திரத்தோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவருக்கு வேண்டியவங்க ஒருத்தவங்க அப்ப தவறிட்டாங்கம்மா" என்றாள். "கமலம் அக்கான்னு பேரு. சாப்பிடு, ஆறிடப் போகுது."